ரேடியோ போர்க்கப்பல்: பீரங்கி கடைசியில், பம்ப் முதலில்

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் என்று எழுதியிருக்கும் தம்பி கேட்டது இதுதான்: வீடியோ ஒன்றில் யமாத்தோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் ஆறடி நீள மாடல் ரேடியோவில் ஓடி, இன்னொரு கப்பலைக் குண்டால் அடித்து நிஜமாகவே மூழ்கடிப்பதைப் பார்த்திருக்கிறார். தானும் ஒன்று கட்ட வேண்டும். எவ்வளவு செலவாகும், அந்தக் குட்டிப் பீரங்கி எங்கே கிடைக்கும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஈயக்குட்டையில் (பழைய வெள்ளீயச் சுரங்கக் குழியில் தேங்கிய குளம்) விடலாமா, 14 வயது மகனையும் சேர்த்துக்கொள்ளலாமா. நான்கு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கிளப்பும் கிடையாது, சாமான் விற்கிற கடையும் கிடையாது, இப்படிப்பட்ட தோட்டத்து டவுனில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா? முடியும் தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். செம்பனை ஆலையில் 31 வருஷம் ஃபிட்டர். பம்ப், வால்வு, பேரிங், கசிவு, இதுதான் பிழைப்பு. 14 வருஷமாகக் கப்பல் மாடல் கட்டுகிறேன். ஆறு கட்டியதில் நான்கு மூழ்கின, ஒன்று திரும்பி வரவே இல்லை. குண்டு சுடும் போட்டியில் நான் நின்றதில்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த ஆட்களின் விதிகளைப் படித்தும், அவர்கள் உள்ளே எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்து அதேபோல் செய்தும் தெரிந்துகொண்டது. தண்ணீர் சம்பந்தமாகச் சொல்வது மட்டும் என் கைப்பட்ட விஷயம்.

அந்த வீடியோவில் நடப்பது என்ன? 1970-களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சஸ் பக்கம் ஆரம்பித்த விளையாட்டு அது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஓடிய போர்க்கப்பல்களை 144-ல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டுவார்கள். பக்கச் சுவர் பல்சா மரத் தகடு, பல கப்பல்களில் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்பன் டை ஆக்சைடு வாயு தள்ளும் சின்ன உலோகக் குண்டுகள் அந்தத் தகட்டில் ஓட்டை போடும். ஒரு பிரிவில் எல்லோருக்கும் ஒரே அளவு, சுமார் நாலரை மில்லிமீட்டர் குண்டு. இன்னொரு பிரிவில் அசல் கப்பலின் பீரங்கி பெரிதாக இருந்தால் குண்டும் பெரிது. நீர்மட்டத்துக்கு மேலே விழுந்த ஓட்டைக்குக் குறைந்த புள்ளி, நீர்மட்டத்துக்குக் கீழே விழுந்ததற்கு அதிகம். கரையில் நிற்கிற அத்தனை பேரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். மூழ்கின கப்பலைத் தூக்கி, தண்ணீரைக் கொட்டி, ஓட்டைகளை அடைத்து மத்தியானமே மறுபடி இறக்கிவிடுவார்கள். வீடியோவில் காட்டாத பாதி இதுதான். என் கண்ணுக்கு இந்தப் பாதிதான் அழகு.

இப்போது பீரங்கி. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே ஏர் கன்னும் ஏர் பிஸ்டலும் வருகின்றன, அவற்றின் பாகங்களும் வருகின்றன. இது நிச்சயம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கப்பலுக்குள் ஒளிந்திருக்கும், வாயுவால் குண்டு தள்ளும் குழாய் அதில் அடங்குமா என்று கேட்டால், அடங்காது என்று வாதாட ஒரு வக்கீல் கிடைக்கலாம். நான் வக்கீல் இல்லை, அந்த வாதத்தை என் செலவில் நடத்திப் பார்க்கும் ஆசையும் இல்லை. வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போட்டு, பார்சல் வரும் நாளைக்குக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உண்மையிலேயே வேண்டுமென்றால் உங்கள் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் ஆயுத லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் முதலில் எழுத்தில் கேளுங்கள். அதுவரை கேஸ் பீரங்கி கிடையாது, வீட்டில் செய்வதும் கிடையாது. அதனால் இங்கே அதை எப்படிச் செய்வது என்று ஒரு வரி எழுதப்போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்லமாட்டேன். சுடுவதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

எந்தக் கப்பல்? யமாத்தோ வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் 263 மீட்டர், 144-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் 83 சென்டிமீட்டர். அது பரவாயில்லை. எடைக்கு 144-ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும், சுமார் 30 லட்சம் வரும். 72,000 டன் கப்பல் 24 கிலோ மாடலாகிறது. அந்த 24 கிலோ இருந்தால்தான் அது சரியான நீர்மட்டத்தில் மிதக்கும், குறைத்துக் கட்ட வழியில்லை. காரிலிருந்து கரைக்கு இரண்டு பேர் சுமந்துபோய் வழுக்குகிற மண்ணில் குனிந்து இறக்க வேண்டும். என் இடுப்பு சொல்கிறது, வேண்டாம் என்று.

மறுகோடியில், நம் ஆட்களுக்கு உடனே ஆசை வருவது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். "அவன் சரியான எம்டன்" என்று நம் பாட்டிமார் திட்டுவார்களே, அந்த எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டுவிட்டு, அக்டோபர் 28 விடியற்காலை பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது, வெளியே போகிற வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும். மூன்று புகைபோக்கி உள்ள கப்பல், ஆங்கிலக் கப்பல் மாதிரித் தெரிய நாலாவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்திக்கொண்டு வந்தது. மாடலில் அதைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், நானும் வைத்தேன். ஆனால் 118 மீட்டர் கப்பல் மாடலில் 82 சென்டிமீட்டர், அகலம் ஒன்பதரை சென்டிமீட்டர்கூட இல்லை, மொத்த எடை 1.4 கிலோதான். மோட்டார், பேட்டரி, பம்ப், ரேடியோ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அனுபவம் வந்த பிறகு செய்யலாம். முதல் கப்பலாகச் செய்தால் குளியல் தொட்டியிலேயே கவிழும், என்னுடையது கவிழ்ந்தது.

நடுவில் எடுங்கள். நான் சொல்வது 1907-ல் தண்ணீரில் இறக்கிய இன்வின்சிபிள் என்ற ஆங்கிலக் கப்பல், அல்லது அந்தக் காலத்தில் அதே அளவில் வந்த வேறு எதுவும். மாடலில் ஒரு மீட்டர் 20, அகலம் பதினாறரை சென்டிமீட்டர், எடை ஏழு கிலோ. மைவி காரின் பின்சீட்டை மடக்கினால் படுத்துக்கொள்ளும். உள்ளே கை விட இடம் இருக்கும், அதுதான் முக்கியம். வேகத்தைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். நீளத்தைச் சுருக்குகிற அளவுக்கு வேகத்தைச் சுருக்கக்கூடாது, அதன் வர்க்கமூலத்தால்தான் வகுக்க வேண்டும், 144-க்கு 12. ஃபுரூட் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மாடல் இழுத்துக் கண்டுபிடித்த விதி, அப்படி ஓட்டினால்தான் மூக்கில் எழும் அலை அசல் மாதிரித் தெரியும். 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகக் கப்பலின் மாடல் இரண்டு நாட் வேகத்தில் போகும், நொடிக்கு ஒரு மீட்டர். சாயங்காலம் காற்று வாங்க நடக்கிறவர் வேகம். சின்ன மோட்டார் போதும், அந்தக் காசைப் பம்பில் போடுங்கள்.

பம்புக்கு வந்தாயிற்று, இனி கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நீர்மட்டத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே நாலரை மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று விழுந்தால் உள்ளே வருகிற தண்ணீர் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கிலும் அதுதான் வருகிறது, ஆணியால் துளைத்து அளந்தபோதும் ஏறக்குறைய அதுதான் வந்தது. பத்து ஓட்டைக்கு நாலு லிட்டர். ஏழு கிலோ கப்பல் மேல்தளம் நனைவதற்கு முன் இன்னும் எத்தனை லிட்டர் தாங்கும் என்பது உங்கள் கட்டுமானத்தைப் பொறுத்தது, என்னுடையது நாலு லிட்டர் சில்லறை. அப்படியென்றால் பம்ப் இல்லாமல் ஒரு நிமிஷம். பம்ப் நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் தள்ளினால் நாலு நிமிஷத்துக்கு மேல் இழுக்கலாம், தப்பித்துக் கரைக்கு வந்துவிடலாம். படகுக்கு விற்கிற பம்பின் அட்டையில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். அது குழாய் இல்லாமல், உயரத்துக்கு ஏற்றாமல் எடுத்த அளவு. வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள், ஆலையிலும் அப்படித்தான் அளந்தோம்.

ஆனால் கப்பல் சாவது பெரும்பாலும் நிறைந்து போவதால் இல்லை, அதற்கு முன்பே கவிழ்ந்துவிடும். தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள், சொம்பில் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கப்பலுக்குள் ஒரு லிட்டர் தட்டையாகப் பரவியிருந்தால் திருப்பத்தில் மொத்தமும் ஒரு பக்கம் ஓடிவந்து, சாய்ந்த பக்கத்தையே இன்னும் சாய்க்கும். தண்ணீர் பரவுகிற அகலத்தைப் பாதியாக்கினால் இந்த ஆபத்து எட்டில் ஒன்றாகிறது. அதனால் அடித்தளத்தில் இரண்டு பக்கமும் தெர்மோகோல் கட்டை வைத்து மேலே எப்பாக்சி பிசின் பூசி அடைத்துவிட்டு, நடுவில் மட்டும் நாலு விரல் அகலத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு வாய்க்கால் விடுங்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அந்த வாய்க்காலுக்கு வந்து பம்பிடம்தான் போக வேண்டும். பம்பை நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் வைக்கிறேன், ஓடும்போது என் கப்பலுக்கு மூக்கு லேசாக எழும்பித் தண்ணீர் பின்னால் போகிறது. இது என் பழக்கம், நடுவிலேயே வைப்பவர்களும் உண்டு. பம்பைச் சுற்றிக் கம்பி வலை கட்டாயம். ஒரு சின்ன மரச் சில்லு, ஒரு இலைக் காம்பு போய் இறக்கையில் மாட்டினால் போதும், சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வெளியே வராது. அந்தச் சத்தம் வித்தியாசமாக இருக்கும். ஆலையில் வேலை பார்த்தவனுக்குக் கரையிலிருந்தே கேட்டுவிடும்.

அப்புறம் பின்பக்கம், சுழலித் (புரொப்பல்லர்) தண்டு வெளியே போகிற குழாய். எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள், இதை மறந்துவிடுவார்கள். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் கடலில் ஜப்பானிய விமானங்கள் ஆங்கிலேயரின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டையும் மூழ்கடித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு முதலில் விழுந்த பெரிய அடி இடது பக்கம் பின்னால், தண்டுக்குப் பக்கத்தில் ஒரு டார்பிடோ. தண்டு வளைந்து சுற்றிச் சுற்றி அடைப்பையெல்லாம் கிழித்துவிட்டது, தண்டு போகிற நீளமான பாதை வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறியது. மின்சாரமும் போனது, மின்சாரம் போனதால் பம்பும் போனது. 40,000 டன் கப்பலுக்கு நடந்தது உங்கள் ஏழு கிலோவுக்கும் நடக்கும். பித்தளைக் குழாய், இரண்டு பக்கமும் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), நடுவில் கெட்டியான மரைன் கிரீஸ். தண்டு கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மோட்டாரோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் புஷ் ஒரு மாதத்தில் முட்டை வடிவமாகத் தேய்ந்துபோகும். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் பழைய கிரீஸைத் தள்ளிப் புதுசு போடுங்கள். கிரீஸ் பால் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

மின்சார சாமான்களைச் சுருக்கமாக முடிக்கிறேன். சாதாரண பிரஷ் மோட்டார் நல்ல தண்ணீரில் மூழ்கினாலும் பிழைக்கும், காயவைத்து எண்ணெய் விட்டால் போதும். ரிசீவரை மூடி இறுகும் சாப்பாட்டு டப்பாவில் வையுங்கள், ஒயர் வெளிவரும் துளையை சிலிக்கோனால் அடையுங்கள். இப்போது வரும் ரேடியோ எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அந்த அலை தண்ணீருக்குள் போகாது. ஆண்டெனாவைக் கொடிமரத்தோடு மேலே கொண்டுபோங்கள், சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி அமைத்துவிடுங்கள். சிரிம் (மலேசியத் தரச்சோதனை நிறுவனம்) முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அல்லது பழைய ஈய பேட்டரி. ஈயம் கனம், அந்தக் கனம் அடியில் இருப்பது இங்கே நல்லது. ட்ரோனுக்குப் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மூழ்கப்போகிற கப்பலில் போடவே போடாதீர்கள்.

சரி, பீரங்கி இல்லாமல் சண்டை எப்படி? நானும் என் மச்சானும் ஆலையில் இருந்த இன்னும் இரண்டு பேரும் செய்வது இது. கார் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டாரைப் பழைய உதிரிபாகக் கடையில் பொறுக்கி, அதன் குழாயைப் பீரங்கி மேடையில் ஏற்றிவிட்டோம். குளத்துத் தண்ணீரையே உறிஞ்சிப் பீய்ச்சும், இரண்டு மூன்று மீட்டர் போகும். ஒவ்வொரு கப்பலின் மேல்தளத்திலும் உள்ளங்கை அளவு திறப்பு ஒன்று கட்டாயம் விட வேண்டும். அதற்குள் எதிராளி தண்ணீர் அடித்து நிரப்பப் பார்ப்பான், உங்கள் பம்ப் வெளியே தள்ளப் பார்க்கும். பம்ப் வெளியே கொட்டும் தாரையைப் பார்த்தே யார் எவ்வளவு குடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், உடனே எல்லோரும் சேர்ந்து அந்த ஆளைத்தான் துரத்துவார்கள். அசல் விளையாட்டின் படபடப்பு முழுக்க வராது, ஒத்துக்கொள்கிறேன். 'டக்' என்று தகட்டில் குண்டு விழுகிற சத்தம் இல்லை. ஆனால் கப்பல் நிஜமாகவே மூழ்குகிறது, யார் கண்ணும் போவதில்லை. இன்னொரு லாபம், இதற்குப் பல்சாவே தேவையில்லை. சுவருக்கு மெல்லிய பிளைவுட் போதும், விலாக்களுக்கு ஆறு மில்லி பிளைவுட், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். மேல்கட்டுமானம், பீரங்கி மேடை செதுக்க ஜெலுத்தோங் மரம் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு காலத்தில் சுயிங்கம் செய்யப் பால் எடுத்த நம் ஊர் மரம்தான், வெண்ணெய் மாதிரிச் சீவ வரும்.

ஈயக்குட்டை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, வேண்டாம். கரை செங்குத்தாக இறங்கும், அடியில் சேறு கால் வைத்தால் விழுங்கும், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கரையிலிருந்து தெரியாது. என் இரண்டாவது கப்பல் அப்படிப்பட்ட ஒரு குட்டையில்தான் போனது. கரையிலிருந்து பத்து மீட்டர்கூட இருக்காது, தண்டுக் குழாய் கசிந்து பின்பக்கம் இறங்கி, அரை நிமிஷத்தில் கொடிமரமும் மறைந்தது. அக்காள் மகன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அவனைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமை இழுத்துப் பார்த்தோம், ஒரு சைக்கிள் சக்கரம்தான் வந்தது. இப்போது தெரிந்தவர் ஒருவரின் திலாப்பியா மீன் குட்டையில் ஓட்டுகிறோம், முழங்கால் ஆழம், அவர் அனுமதியோடு. மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் சாமான்களைக் கட்டிவிடுவோம், இடி நேரத்தில் தண்ணீர் ஓரத்தில் நிற்பதில்லை. எவ்வளவு ஆழமில்லாத தண்ணீராக இருந்தாலும் மிதவை கட்டுங்கள். பிய்ந்த சிலிப்பரில் தீப்பெட்டி அளவு ஒரு துண்டு, அதில் மீன்பிடி நரம்பு பத்து மீட்டர் சுற்றி, நுனியைக் கப்பலின் அடிக்கட்டையில் முடிச்சுப் போட்டு, மேல்தளத்தில் ஒரு பள்ளத்தில் சும்மா வைத்துவிடுங்கள். ஒட்டாதீர்கள், கட்டாதீர்கள். கப்பல் போனால் அது தானாக மேலே வரும்.

செலவு, எனக்குக் கடைசியாகக் கட்டினது 800 வெள்ளி (ரிங்கிட்) சொச்சம், அதில் ரேடியோவும் பேட்டரியும் பாதி. உங்களுக்கு முதல் கப்பல் என்பதால் வீணாகிற மரத்தையும் சேர்த்து ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதக் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மாதமாவது ஆகும். மகனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்பாக்சி கலக்கும்போது கையுறை, பிளைவுட் தேய்க்கும்போது முகமூடி, சால்டரிங் வைக்கும்போது நீங்கள் பக்கத்தில். ரேடியோவை இப்போதே வாங்காதீர்கள், வாங்கினால் அவன் அதை வேறு எதிலாவது மாட்டிவிடுவான். முதலில் கூட்டையும் பம்பையும் மட்டும் முடித்து, ஏழு கிலோ வருகிற வரை அரிசிப் பை வைத்து நிரப்பி, பிள்ளைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் மிதக்கவிட்டு, மேலே திறப்பு வழியாக ஒரு கப், இரண்டு கப் என்று அவன் கையாலேயே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எத்தனையாவது கப்பில் சாய்கிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். அந்த எண் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், வாய்க்காலை எங்கே குறுக்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.